கடைப் பொட்டலத்தில் அச்சடித்த எண்

பொங்கல் கழிந்த ஒன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் இறந்தார். ஆரியசாலைச் சந்தையில் அவருக்கு நாட்டு மருந்துக் கடை. எந்த வைத்தியரின் கஷாயத்துக்கு எந்தச் சரக்கு, என்ன அளவு என்பதெல்லாம் எட்டு நோட்டுகளில் இருந்தது. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து கிளவுடில் வைக்கலாம் என்று சொன்னவன் நான். கரையானும் மழைத் தண்ணீரும் அங்கே எட்டாது என்றேன். ஒரு துலாவர்ஷம், ஐப்பசி மழைக்காலம், முழுக்க இருவருமாக உட்கார்ந்து ஏற்றினோம். நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்ட தேதிகூட என் நாட்குறிப்பில் இருக்கிறது.

பதினாறாம் நாள் அவருடைய துணிகளை எடுத்துக் கொடுத்தோம். சாயங்காலம் அக்கா அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "இது அடிக்கும்போதெல்லாம் நான் வாசலைப் பாக்கேன். இதையும் குடுத்திருடே."

மறுநாளே கைப்பேசியில் இருந்ததை எல்லாம் அழித்து, சந்தையில் சுமை இறக்கும் ஒருவருக்குக் கொடுத்தேன். எண்ணையும் ரத்து செய்தேன். துணியைப் போலத்தான் அதையும் நினைத்தேன்.

அடுத்த வாரம் அக்கா கடையைத் திறந்து, தன் கைப்பேசியில் அந்தப் படங்களைத் தேடினாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் ஆறு இலக்க எண் ஒன்றை அத்தானின் எண்ணுக்கு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. ரத்து செய்த எண்ணைத் திரும்பக் கேட்டதற்கு, சில மாதம் கழித்து அது வேறு யாருக்காவது போகும் என்றார்கள் போன் கம்பெனியில். கிளவுட் நிறுவனத்துக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும், அந்த ஆறு இலக்க எண் வேண்டும் என்ற ஒரே பதில்தான் வந்தது.

கர்க்கடகம், நம்முடைய ஆடி, கஷாயத்துக்கும் மருந்துக்கஞ்சிக்குமான மாதம். அதற்குள் அளவுகள் கிடைக்காவிட்டால் வைத்தியர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கடையை எடுத்துக்கொள்ள அடுத்த கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

திங்கள்தோறும் அந்த எண்ணை அழைத்து, 'இல்லை' என்று குறித்துவந்தேன். ஜூன் நடுவில் ஒரு திங்களன்று மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "அண்ணே, ஓடிபி யாருகிட்டயும் பறயாதேன்னு போனே தினமும் சொல்லுது" என்று வைத்துவிட்டார். நியாயம்தான். மோசடிக்காரனும் என்னைப் போலத்தான் பேசியிருப்பான்.

மறுபடி அக்கா பேசினாள். அந்தப் பெண் நேரில் வரச் சொன்னார். விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையாட்களுக்குச் சோறு ஆக்கிப் போடும் கடை அவருடையது. குமரிக் கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இறப்புச் சான்றிதழை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அக்கா எடுத்து வைத்த பழைய மருந்துப் பொட்டலத்தில் அச்சடித்திருந்த எண்ணைத்தான் ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்தார்.

"அப்ப குறுந்தோட்டி வேரு கேட்டு என்னைக் கொல்லுதது உங்க ஆளுகதானா? இங்க சோறுதான் உண்டுன்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அக்கா கடவுச்சொல்லைப் போட்டதும் தன் போனுக்கு வந்த ஆறு இலக்கங்களையும் வாசித்தார்.

படங்கள் திறந்தன. முதல் படத்தின் ஓரத்தில், தாளை அழுத்திப் பிடித்திருந்த அத்தானின் கட்டைவிரல் தெரிந்தது. அக்கா வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

"இனி யாராவது விளிச்சா, ஆளு போயாச்சுன்னு சொல்லணுமாக்கா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

அக்கா தன் எண்ணை அவருக்கு எழுதிக் கொடுத்தாள். "கடை திறந்திருக்குன்னு சொல்லி இதைக் குடுங்க. மத்ததை நான் சொல்லிக்கிடுதேன்."