இரண்டாய்த் தெரிந்த படி

திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். பிறந்ததிலிருந்தே மாறுகண். "எங்க போகணும்?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் பேசாமல் நிற்பார், பக்கத்து ஆள் பதில் சொல்வார். பஸ்ஸே சிரிக்கும். முப்பத்தாறு வயதில் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு கண் டாக்டரிடம் போனேன்.

"சின்ன ஆபரேஷன். தசைய இழுத்துத் தைப்போம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நர்ஸ் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். போட்டேன்.

கட்டுப் பிரித்தபோது கண் நேராக இருந்தது. ஆனால் என் மனைவி இரண்டு பேராக நின்றாள். "போகப்போக சரியாயிரும்" என்றார்கள். இரண்டு மாதமாகியும் ஆகவில்லை. வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இல்லாத படியில் காலை வைத்து விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. "காலையிலயே ஊத்திட்டு வந்துட்டான் பாரு" என்றான் ஒருவன்.

மாவுக்கட்டோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"சிலருக்கு இப்படி வரும். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"வரும்னு தெரியும்ல? ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிருமா?"

"சத்தம் போடாதீங்க, வெளிய பேஷண்ட் இருக்காங்க."

"அவங்களுக்காச்சும் சொல்லித் தொலைங்க!"

மனைவி என்னை அடக்குவாள் என்று நினைத்தேன். "இன்னும் சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

மதுரையில் வேறொரு டாக்டரம்மா கண்ணுக்கு முன்னால் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். மாறுகண்ணில் விழும் காட்சியை என் மூளை ஒதுக்கிப் பழகியிருந்ததாம். கண் இடம் மாறியதும் மூளையால் ஒதுக்க முடியவில்லையாம். "ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படி வச்சுப் பாத்தாங்களா? ரெண்டாத் தெரியுமான்னு ஓரளவு தெரிஞ்சிருக்குமே." யாரும் பார்க்கவில்லை. மறுபடி செய்தாலும் முழுதாகச் சரியாகும் என்று உறுதியில்லை, மாறுகண் திரும்பலாம், மிக அரிதாகப் பார்வையே போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் முதல் டாக்டர் எனக்குத் தரவில்லை.

தெரிந்தேதான் இரண்டாம் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். இப்போது நேராகப் பார்த்தால் எல்லாம் ஒன்று. ஓரமாகப் பார்த்தால் இன்னும் இரண்டு. பஸ் கூட்டத்துக்குள் இந்தப் பார்வை உதவாது. கண்டக்டர் வேலையை விட்டு, பஸ் ஸ்டாண்டில் வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம் கீப்பராகிவிட்டேன்.

"இன்னுமா கோவம்?" என்று மனைவி கேட்பாள். ஆமாம், இன்னும்தான்.