மெழுகு தேய்த்த மண்வெட்டி

மண்வெட்டியில் மண் ஒட்டிக்கொண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதுவும் அன்றைக்கு வந்த கோபத்தில், அந்தச் சனியனை ஆற்றில் தூக்கி எறிந்திருப்பேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளியே போக இருப்பது ஒரே பாதை. விடிந்து பார்த்தால் அதன் மேல் தேயிலைச் செடிகளோடு மலை இறங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் இன்னும் நீர் கசியும் சரிவு. சுற்றிப் போக வழியில்லை.

அன்று வியாழக்கிழமை. செவ்வாய், வியாழன், சனி என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் போய் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அன்று காலையிலேயே அவர் கால் வீங்கி, பேசும்போது மூச்சு வாங்கியது. நர்சுக்குப் போன் போட்டேன். சாயங்காலம் நான்கு மணிக்குள் வந்தால் ஒரு கட்டில் காலியாக இருக்கும், அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்றார். இந்தச் சேற்றில் அவரால் ஓர் அடி வைக்க முடியாது.

பெரிய ரோட்டிலும் கோலா தெர்லா ஊர்ப் பக்கம் மண் சரிந்திருந்ததால் மண் அள்ளும் பேக்கோ வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. எங்கள் பக்கம் வர இரண்டு நாளாகும் என்றார்கள். அதனால் கங்காணி லயத்து ஆட்களைக் கூட்டினார். இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டிப் பலகை போட்டுவிட்டால் போதும், அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிவிடலாம் என்பது திட்டம். டவுன் போகும் பக்கம் ரோடு சரியாக இருந்ததால், மண்மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் வேன் வந்து நிற்கும்.

ஆனால் மண் விடவில்லை. அள்ளுகிறோம், வீசுகிறோம், மண் தகட்டிலேயே இருக்கிறது. அள்ள ஒரு நிமிடம், சுரண்டி எடுக்க இரண்டு நிமிடம். கங்காணி தன் மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இப்படி அப்பி வச்சது? தகடே தெரியலலா."

"நாந்தாண்ணே."

முந்தின நாள் ஆயுத பூசை. செடி வெட்டும் கவாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்து வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் கழுவிக் கோயிலில் வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டோம். மற்றவர்கள் ஒரு பொட்டோடு விட்டுவிடுவார்கள். நான்தான் அவருக்காக வேண்டிக்கொண்டு, எட்டு மண்வெட்டிக்கும் தகடு முழுக்கப் பூசினேன். சந்தனம் போதவில்லை என்று மஞ்சளும் அரிசி மாவும் வேறு குழைத்துச் சேர்த்தேன். மாவு காய்ந்து சொரசொரவென்று நின்றது. ஈரமண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யாரைத் திட்டுவது? என் கையையே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம். கழுவிய தகட்டிலும் களிமண் ஒட்டத்தான் செய்தது. சமையல் எண்ணெய் பூசினேன். நான்கு வெட்டுக்குத் தாங்கியது, அப்புறம் பழைய கதைதான். அப்போது வாசலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் முன்பு திரிங்காப் ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். சேற்றில் லோரி மாட்டாத மழைக்காலமே அவருக்கு இருந்ததில்லை.

"எண்ணெ நிக்காது புள்ள. தகட்ட அடுப்புல காட்டி, சூட்டோட மெழுகுவத்திய தேயி. நாங்க அப்படித்தான் செய்வோம்."

கரண்டு போகும் வீட்டில் மெழுகுவத்திக்கா பஞ்சம்? அவரே அடுப்பருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தகட்டைச் சூடாக்கி, மெழுகை இரண்டு பக்கமும் தேய்த்து, ஆறவைத்துக் கொடுத்தார். அடேயப்பா! மண் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. மெழுகு தேய்ந்துபோன மண்வெட்டியை உள்ளே கொடுப்பதும், புதிதாகத் தேய்த்ததை வாங்கிக்கொண்டு ஓடுவதுமாக இருந்தேன். மதியத்துக்குள் பாதிக்கு மேல் வெட்டிவிட்டோம். அந்தப் பக்கம் வேனோடு காத்திருந்த ஆட்களின் தலை தெரிந்தது. நான் போய் அவரிடம் சொன்னேன்.

"தொறந்துரும்ங்க. ரெண்டு மணி நேரந்தான்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு வந்த மண்வெட்டிகளில் மறுபடியும் மண் ஒட்டியது. ஒன்றில் அல்ல, வந்த மூன்றிலும். தகட்டைத் தடவிப் பார்த்தேன். மெழுகே இல்லை. முடியாமல் விழுந்துவிட்டாரோ என்று பதறிப்போய் வீட்டுக்கு ஓடினேன்.

அடுப்பு அணைந்திருந்தது. மெழுகுவத்தி அவர் மடியில் முழுசாகக் கிடந்தது. பக்கத்தில், விருந்தாளிகளுக்கு எடுக்கும் பெரிய கோப்பை. அடியில் தேயிலைத் தூள் மட்டும் மிச்சம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய மனிதர் அவர். நான்கு வருடமாகப் பிளாஸ்க் மூடியில்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குத் தடை.

"என்னாங்க செஞ்சீங்க?"

"ஒரு கோப்ப முழுசா குடிச்சேன்."

"மெழுகு?"

"போதும் புள்ள. ரோடு இல்லன்னா யாரும் என்னைய கூப்பிட முடியாதுல்ல. ஒரு நாளாச்சும் அந்த ஊசி இல்லாம இருக்கேன்."

"செத்துப் போயிருவீங்க!"

"தெரியும்லா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! கோப்பையைத் தூக்கித் தொட்டியில் போட்டேன். "அங்க எட்டு பேரு கை தோலு உரிஞ்சி நிக்கிறாங்க. நீங்க உக்காந்து எங்கள ஏமாத்துறீங்களா? அப்ப நான் யாரு? எனக்கு மட்டும் எங்க ரோடு இருக்கு?" என்று கத்தினேன்.

அவர் அழுதார். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரி, விட்டுவிடலாம் என்று என் மனமும் ஒரு நொடி சொன்னது. நானும் நான்கு வருடமாகக் களைத்துத்தான் இருந்தேன். அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளியே கங்காணி மண்வெட்டி கேட்டுச் சத்தம் போட்டார். "சங்குல் என்னாச்சும்மா?" எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் மடியிலிருந்த மெழுகுவத்தியை எடுத்து நானே தேய்த்தேன். அவசரத்தில் இரண்டு விரல் சுட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பாதை திறந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை வைத்து நான்கு பேர் பலகை மேல் தூக்கிப் போனார்கள். அவர் கையை மடியில் வைத்துக் குனிந்தே இருந்தார். யாரையும் பார்க்கவில்லை. அவர் சம்மதித்தாரா என்று நான் கேட்கவும் இல்லை. சுமந்து கொண்டுபோனோம், அவ்வளவுதான்.

மெஷினில் போட்டதும் மூச்சு சரியானது. வீட்டுக்கு வந்த பிறகு தொட்டியில் கிடந்த அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவினேன். நான் அதை அலமாரியின் மேல்தட்டில், அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இனி மலை சரிந்தால் அவர் என்ன செய்வார் என்று ஒவ்வொரு மழைக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. மதியத்திலிருந்து மழை கொட்டியது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தேன். வாசலிலேயே மெழுகு உருகும் வாசம். அடுப்பருகே அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் லயத்து மண்வெட்டிகள் எட்டும் வரிசையாகக் கிடந்தன. ஏழு தேய்த்தாகிவிட்டது.

நான் நிற்பதைப் பார்த்தும் அவர் கை நிற்கவில்லை. எட்டாவது தகட்டைத் தீயில் காட்டித் திருப்பினார்.

"மழ விடாது போலருக்கு புள்ள," என்றார். "நாளைக்கி செவ்வாக்கெழமையாச்சே."