ஒன்பதாவது கிரீனின் லெவல் புக்

நில மட்டம் அளந்து எழுதும் அந்த லெவல் புக் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் எடுத்து, ஒன்பதாவது கிரீனுக்கான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓரத்துக் கட்டத்தில் பென்சிலால் 'பனி' என்று ஒரு சொல். எழுதியவர் எங்கள் ரைட்டர்.

காப்பி எஸ்டேட்டின் ஒரு பகுதியைத் திருத்திக் கோல்ஃப் மைதானம் போட்டபோது, அங்கே கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர் எங்களிடம் வேலைக்கு வந்தார். எஸ்டேட்டில் தினமும் மழை, வெயில், பனி என்று குறித்துப் பழகிய கை. லெவல் புக்கிலும் அதை விடவில்லை. "வானிலை அறிக்கை வாசிக்கிறீங்களா?" என்று கேலி செய்வேன். "இருக்கட்டுங்க சார், பழகிப்போச்சுங்க" என்பார்.

பந்து உருண்டு குழியில் விழும் அந்தப் புல்மேட்டைத்தான் கிரீன் என்போம். அதற்கடியில் துளை போட்ட குழாய்கள் கிடக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் ரோட்டோர ஓடைக்குப் போகவேண்டுமென்றால் குழாய் சீராகச் சரிந்துகொண்டே போக வேண்டும். ஜல்லி கொட்டி மூடுவதற்கு முன் ஓர் ஆள் குழாய் மேல் அளவுகோலை நிறுத்திப் பிடிக்க, சர்வேயரான நான் கருவியின் கண்ணாடி வழியே பார்த்து அளவைச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்லி எழுதுவார். இருவரும் கையெழுத்துப் போடுவோம். மூடிய பிறகு அந்தப் பக்கம் ஒன்றுதான் சாட்சி.

அன்று மத்தியானம் கிளியூர்ப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது. ஜல்லி லாரிகள் வரிசையாக நின்றன. மேனேஜர் போனில் கத்திக்கொண்டே இருந்தார். கருவிக்குள் வெறும் வெள்ளை. அளவுகோலும் இல்லை, அதைப் பிடித்து நின்ற ஆளும் இல்லை. நான் கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே, வரைபடத்தில் இருந்த அளவுகளை மனதிலிருந்து சொன்னேன்.

ரைட்டர் நாலைந்து எண்களுக்குப் பிறகு நிறுத்தினார். "ஏனுங்க சார், எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"கருவியில தெரியுது."

"இல்லீங்க, என்ற ஊடு இதுக்கு நேர் கீழதானுங்க இருக்குது. காலைல பனி கலைஞ்சதும் ஒருக்கா பாத்துக்கலாமுங்களா?"

"என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மீதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரிகள் கொட்டின.

குழாய் நடுவில் தலைகீழாகச் சரிந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் மேட்டைக் குடைந்துகொண்டு கீழே இறங்கி, ரைட்டர் வீட்டின் அடுப்படிச் சுவரைச் சாய்த்தது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு இடுப்பு முறிந்தது. அந்த அம்மா பிறகு எழுந்து நடக்கவே இல்லை. நஷ்டஈடு கேட்டுப் போன ரைட்டரிடம் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கத்தின் நகலை நீட்டினார்கள். சரிவு சரியாக இருக்கிறது, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று கைகழுவினார்கள். ஓரத்தில் இருந்த 'பனி'யை யாரும் படிக்கவில்லை.

நனைந்த குடையை வாசலிலேயே சாத்திவிட்டு ரைட்டர் என் வீட்டுக்குள் வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் தேவலை.

"நீங்க பாத்துத்தானுங்க சொல்லியிருப்பீங்க. நாந்தான் அவசரத்துல நெம்பர மாத்தி எழுதிப்புட்டனுங்களா சார்? நொம்ப நாளா தூக்கமே இல்லீங்க."

'அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேலை போய்விடும், கேஸ் வரும் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. "நடந்தது நடந்துபோச்சு, டீ சாப்பிடுங்க" என்றேன். அவரும் குடித்தார். என்னைப் போல ஒரு கோழையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது வெள்ளக்கடையில் வாடகை வீட்டில் இருக்கிறார். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எல்லாம் என்ற கையால வந்ததுங்க சார்" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

இந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை பஸ் ஏறியிருக்கிறேன். மூன்று முறையும் வெள்ளக்கடையில் இறங்கவில்லை. இன்றும் காலையிலிருந்து மழை. அந்தப் பக்கத்தில் கண்ணால் பார்த்து எழுதியது 'பனி' என்ற அந்த ஒரு சொல்தான். விரலால் தடவிப் பார்த்தேன், பென்சில் கொஞ்சம் அழிய ஆரம்பித்திருந்தது. புத்தகத்தை மூடி மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.