நத்தையில மருந்து இருக்கு

உத்தமபாளையத்தில் சுருளியாண்டி என்று கேட்டால் யோசிப்பார்கள். நத்தைக்காரர் என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உடம்பு, ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசாமல் விடாத வாய். வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் விடிந்ததும் பிளாஸ்டிக் வாளியோடு இறங்கிவிடுவார். சேற்றைக் காலாலேயே துழாவி, நத்தையா கல்லா என்று சொல்லிவிடுவார். பொறுக்கியதை இரண்டு நாள் தண்ணீரில் போட்டு மண்ணைக் கக்கவிட்டு, வேகவைத்து, ஊசியால் கறியை எடுத்து மூல நோய்க்காரர்களுக்கு விற்பார். மிச்சம் வீட்டுக் குழம்புக்கு.

அவர் அதிகம் பொறுக்குவது என் வயலில்தான். நான் ஆசாத். எங்கள் வீட்டில் நத்தை தின்ன மாட்டோம். ஆனால் ஊர் முறையில் அவருக்கு நான் மாப்பிள்ளை, எனக்கு அவர் மாமா, அதனால் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பேன்.

"நத்தையில மருந்து இருக்கு மாப்ள. உனக்கு எங்க தெரியப் போகுது!" என்பார்.

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஊரை ஏமாத்தாதீக மாமா."

பதினைந்து வருஷமாக இதே பேச்சு. நானும் ஒத்துக்கொண்டதில்லை, அவரும் விட்டதில்லை.

போன ஆடியில் அவர் மனைவி சுப்புத்தாய்க்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டும் உடம்பு தேறவில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நத்தைச் சாறு மட்டும்தான் உள்ளே இறங்கியது. மனிதர் ஆடிப்போய்விட்டார். "அவ எந்திரிச்சு நடமாடுனாப் போதும் மாப்ள" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வயலுக்கு மணல் மாதிரி இருக்கிற குருணை மருந்து தூவினேன், குருத்துப்பூச்சிக்கு. தெளிக்கிற மருந்தாயிருந்தால் வாடையிலேயே மாமா கண்டுபிடித்திருப்பார். மறுநாள் பக்கத்து ஊர் தேவாரத்தில் ஒரு நிக்காஹ். என் மனைவி ரிஸ்வானாவை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டைத் தாண்டும்போது, வாசலில் ஒரு சட்டி நிறைய நத்தை. பக்கத்தில் அவருடைய மருமகள் யுவராணி நின்றிருந்தாள்.

"எங்கன பொறுக்குனதுத்தா?"

"உங்க வயல்லதாண்ணே. மாமா காலையில கொண்டுவந்தாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏத்தா, அந்த நத்தையில மருந்து இருக்கு. மறக்காம மாமாகிட்டச் சொல்லிரு."

"சரிண்ணே."

வண்டியை நிறுத்தினேனே ஒழிய இறங்கவில்லை. நேரமாச்சு, நேரமாச்சு என்று ரிஸ்வானா முதுகில் இடித்தாள். கொட்டிவிடு என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல என் வாய்க்கு என்ன கேடு?

யுவராணி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தவள். கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான். வயலில் இறங்கியதே இல்லை. நத்தையில் மருந்து இருக்கு என்று மாமனார் தினமும் சொல்லக் கேட்டவள். நான் சொன்னதை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் சொன்னாள்: "நத்தையில மருந்து இருக்குதுன்னு ஆசாத் அண்ணன் சொன்னாக."

அவர் கைதட்டிச் சிரித்தாராம். "ஏய் சுப்பு, கேட்டியா! பதினஞ்சு வருசம் கழிச்சு எம்மாப்ள ஒத்துக்கிட்டான்!" அந்த உற்சாகத்தில் இரண்டு நாள் தண்ணீரில் போட்டுக் காத்திருக்கக்கூட மனமில்லாமல் அன்றைக்கே வேகவைத்தார். கிடைத்த சாறு மொத்தமும் மனைவிக்குத்தான்.

நாங்கள் திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விடிவதற்குள் சுப்புத்தாய் போய்விட்டார். வயலுக்குப் போட்ட விஷம் என்று டாக்டர் சொன்னதும், நான் சொன்னதை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று ஊர் யுவராணியை வைய ஆரம்பித்தது. அந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம். சொல்லத் தெரியாமல் சொன்ன மடையன் நான்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் மாமாவிடம் அதைச் சொல்லத்தான் போனேன். அடிப்பார், வைவார் என்று நினைத்தேன். வைதிருந்தால் தேவலை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன்னையச் சொல்லி என்ன மாப்ள," என்றார். "அவ போதும் போதும்னுதான் சொன்னா. நீயே ஒத்துக்கிட்டியேங்கிற சந்தோசத்துல, நான்தான் இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துனேன்."