டீச்சர் வைத்திருந்த அரை மார்க்

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சிவப்புப் பேனா இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால், முதலில் எழுத்துப்பிழையைச் சுழித்துவிட்டுத்தான் யாருக்குக் கல்யாணம் என்றே பார்ப்பார்.

கணக்கு டீச்சர். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. விடை சரியாக இருக்கும், வழியும் சரியாக இருக்கும், அடிக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போடவில்லை என்று அரை மார்க் போய்விடும். ஸ்கேல் வைத்துப் போட்டவனுக்கு, கோடு தேவைக்கு மேல் நீளம். "நூறு போட்டா அதோட புத்தகத்தை மூடிடுவாங்க" என்பது அவர் கட்சி. பிள்ளைகள் அவருக்கு 'அரை மார்க்' என்று பெயர் வைத்தார்கள். அவர் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே பட்டம் அதுதான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். டீச்சர் காக்கையாகப் பிறந்திருந்தால், குஞ்சை உரசிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் செம்பு கலந்திருக்கு" என்றிருப்பார். மகளும் அவரிடம்தான் படித்தாள். தொண்ணூற்றொன்பதரை வாங்கிய அன்று அவள் அழுத அழுகையை அடக்க அப்பாவால்தான் முடிந்தது.

அப்பா நேர் எதிர். போனில் எதை வாங்கினாலும் "எப்படி இருந்தது?" என்று நட்சத்திரம் கேட்குமே, கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு போடுவார். பிய்ந்து வந்த செருப்புக்கு அஞ்சு. வழி தெரியாமல் சுற்றிய டாக்சிக்கும் அஞ்சு. "பாவம், நாலு தெரு கூடக் காட்டினாரே!"

"உங்க அஞ்சை நம்பி ஒருத்தர் அந்தச் செருப்பை வாங்கினா, அவர் கால் என்ன ஆகும்?" என்று டீச்சர் கேட்பார். நியாயமான கேள்வி. டீச்சர் கேட்பதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். அவரோடு குடித்தனம் நடத்துவதில் உள்ள கஷ்டமே அதுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த மகள், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து போன் வழியாக விற்க ஆரம்பித்தாள். "மழைக்காலம் முடியற வரைக்கும் பாரு. ஓடலைன்னா பழைய ஆபீஸ்லயே கேட்டுக்கோ" என்று மாப்பிள்ளை கெடு வைத்திருந்தார். அந்த ஆபீஸ் இருக்கும் தெருப்பக்கம்கூட அவள் போக மாட்டாள். கேக் விற்கும் ஆப்பிலோ ஒரே சட்டம்: நாலே முக்கால் நட்சத்திரத்துக்கு மேலே இருந்தால் கடை முதல் திரையில் தெரியும். கொஞ்சம் இறங்கினாலும் விரல் தேயத் தள்ளினால்தான் கண்ணில் படும்.

கடை புதிது, விரல் விட்டு எண்ணக்கூடிய ரேட்டிங். அதனால், "அம்மா, நீயும் ஒரு கேக் ஆர்டர் பண்ணி ரேட்டிங் போட்டுடேன்" என்றாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

டீச்சர் ஆரஞ்சு கேக்கை வரவழைத்தார். கண்ணாடியை மாட்டினார். கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு எழுதினார்: "ஆரஞ்சு வாசனை இயல்பு. இனிப்பு அளவோடு. நடுப்பகுதி மிருது. அடிப்பக்கம் ஒரு மூலை கருகல். பெட்டியில் லேபிள் கோணல். மிக நன்று." நட்சத்திரம் நாலு.

'மிக நன்று' என்பது அவர் வாயிலிருந்து லேசில் வராது. மகளுக்கு மாலை போட்ட திருப்தியோடு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். எழுந்தபோது மகளின் கடை முதல் திரையில் இல்லை. அடுத்து வந்த நாட்களில் ஆர்டரும் இல்லை. மகள் போன் செய்தாள்.

"அம்மா, நாலு போட்டிருக்கே."

"ஆமா, நல்லாத்தானே இருந்துச்சு!"

"நல்லா இருந்தா அஞ்சு போடணும்மா."

"அப்போ ரொம்ப நல்லா இருந்தா?"

"அதுக்கும் அஞ்சுதான்."

"சுமாரா இருந்தா?"

"அதுக்கும் அஞ்சுதாம்மா! நாலு போட்டா, உள்ளே பல்லி கிடந்துச்சுன்னு அர்த்தம்."

"இது என்னடி கணக்கு? எல்லாரும் பாஸுன்னா பரீட்சை எதுக்கு?"

"அன்னைக்கு அரை மார்க், இன்னைக்கு ஒரு நட்சத்திரம். எனக்குன்னா குறைக்காம இருக்க உன் கையால முடியாது, இல்ல?" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "அஞ்சா மாத்திட்டுப் போயேன்" என்றார் அப்பா. "கருகினது கருகினதுதானே?" என்றார் டீச்சர், ஆனால் குரலில் பழைய கம்பீரம் இல்லை.

பொய் சொல்லாமல் மகளைக் காப்பாற்ற அவருக்கு ஒரு வழி தோன்றியது. பழைய மாணவர்களின் போன் குழுவில் ஒரு செய்தி போட்டார்: "என் மகள் கேக் செய்கிறாள். வாங்கிச் சாப்பிட்டு, மனதில் பட்டதை எழுதுங்கள்." டாக்டர், இன்ஜினியர், போலீஸ் அதிகாரி என்று ஆளுக்கொரு திசையில் தொப்பை போட்டுவிட்டவர்கள். ஆனாலும் டீச்சர் சொல்லைத் தட்ட ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஆர்டர்கள் கொட்டின. மகள் அடுப்பை அணைக்கவே நேரமில்லாமல் ஓடினாள்.

பிறகு ரேட்டிங் வர ஆரம்பித்தது.

"சுவை சரி. துண்டுகள் சம அளவில் இல்லை. நாலு."

"வட்டக் கேக் முழு வட்டமாக இல்லை. நூல் வைத்து அளந்தேன். நாலு."

"குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் அஞ்சு போட்டால் டீச்சர் திட்டுவார். நாலு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. யாரைக் குற்றம் சொல்ல? விதைத்ததுதானே முளைக்கும்! கடை இப்போது எந்தத் திரையில் இருக்கிறது என்று மகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தத் தடவை மகள் போன் செய்யவில்லை. திட்டியிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார். அந்த மௌனம் அவரை உலுக்கிவிட்டது. போனை எடுத்தார், தான் எழுதியதை அழித்தார், 'எல்லாம் நன்று' என்று எழுதி அஞ்சு நட்சத்திரத்தையும் அழுத்தினார். பிட் அடித்துப் பிடிபட்ட பிள்ளை போல முகம் வேர்த்துவிட்டது.

சற்று நேரத்தில் வாசல் மணி அலறியது. மகள் நின்றாள். கையெல்லாம் மாவு, ஒரு கையில் பாதி கட்டிய கேக் பெட்டி.

"அப்பா, அம்மாவுக்கு என்ன? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எனக்கென்னடி? கல்லு மாதிரி இருக்கேன்."

"பொய் சொல்லாதே! அஞ்சு போட்டிருக்கே... நீ! பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?" அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"உன் கடை மூடிடக் கூடாதேன்னுதான் போட்டேன்."

"அப்போ அந்த நாலு?"

"நாலு நிஜம். அஞ்சுதான் பொய்."

மகள் பெருமூச்சு விட்டாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. "முதல்ல அதை எடு. நீ கருகல்னு எழுதினதைப் படிச்சுட்டுத்தான் அடுப்புக்குள்ள தட்டை ஒரு படி மேலே ஏத்தினேன். இப்போ கருகறதே இல்ல. அப்பாவும்தான் அஞ்சு போட்டார், அதை வச்சு நான் என்ன பண்ண?"

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றார் அப்பா.

"இன்னொண்ணு கேளு. காலையில ஒரு காபி கடைக்காரர் போன் பண்ணினார். 'கடைசித் திரை வரைக்கும் தள்ளிப் பார்த்துட்டேன். எல்லாக் கடையிலயும் சூப்பர் சூப்பர்னு இருக்கு, ஒண்ணும் புரியல. உங்க கேக்கை மட்டும்தான் நூல் வச்சு அளந்திருக்காங்க. இத்தனை பேர் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு மூலை கருகல், கோணல் லேபிள், கோணல் வட்டம், இவ்வளவுதான் கிடைச்சுதுன்னா, நம்பி வாங்கலாம்'னு சொல்லி, தினமும் கேக் கேட்டிருக்கார். உன் மாப்பிள்ளை இப்போ அங்கே பெட்டி கட்டிக்கிட்டு இருக்கார்."

டீச்சர் பெட்டியைத் திறந்தார். லேபிள் நேராக இருந்தது. கேக்கைக் கவிழ்த்தார். கருகல் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மகள் விடைத்தாளுக்குக் காத்திருந்த அதே பழைய முகத்தோடு எதிரே நின்றாள். ஒரு துண்டு சாப்பிட்டு முடித்தார்.

"எவ்வளவும்மா?"

"நாலரை."

போனில் அரை நட்சத்திரம் கிடையாது. நாலா, அஞ்சா என்றுதான் கேட்டது. டீச்சர் விரலை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு அஞ்சை அப்படியே விட்டுவிட்டு, கீழே இருந்த 'எல்லாம் நன்று' என்பதை மட்டும் அழித்து, புதிதாக எழுதினார்: "இந்தக் கேக்குக்கு நாலரைதான் தகும். மீதி அரை, பள்ளிக்கூடத்தில் நான் கொடுக்காமல் விட்டது."

மகள் அதை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். கத்தியை எடுத்து, அம்மாவுக்கு இன்னொரு துண்டு வெட்டினாள். கண் கலங்கியிருந்ததால் கத்தி கோணலாகப் போய், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்.