ரோஸ் நிற விதைகள்

கோடை விடுமுறையில் மகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் பள்ளி ஆசிரியர். மனைவிக்கு அலுவலகத்தில் அந்த விடுமுறை கிடையாது. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. காளவாசல் சந்திப்புக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மொட்டை மாடியில் பழைய பலகைகளை அடித்து நான்கு மேட்டுப்பாத்திகள் செய்து, செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தேன். தளத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பது கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் நிபந்தனை. காலையும் மாலையும் ஊற்றாவிட்டால் கீரை சுருண்டுவிடும். கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டாலோ அவர் படியேறி வந்துவிடுவார்.

அன்று காலை நாற்றுத் தட்டில் வெண்டை விதை போட்டுக்கொண்டிருந்தேன். குழிகளில் தென்னை நார்த்தூளை நிரப்பி, விதையை விரலால் அழுத்தி மூடுவேன். கடையில் வாங்கிய விதை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து பூசியிருந்ததால் ரோஸ் நிறத்தில் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தூளை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். பாத்திக்குத் தண்ணீர் விட்டிருந்த ஓஸ், குழாயிலிருந்து கழன்றது. தளமெங்கும் தண்ணீர். ஓடிப்போய்க் குழாயை அடைத்துவிட்டு, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

திரும்பியபோது மகள் நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கு ரோஸாக இருந்தது.

"அப்பா, முட்டாயி."

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியதில் இரண்டு விதைகள் வந்தன. பாக்கெட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் 'விஷம்' என்று போட்டிருந்தது. அதுவரை அதை நான் படிக்கவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் கூலிக்கு வயல் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. பூச்சிமருந்து உள்ளே போன ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர் வாயோரம் வடிந்த நுரை அப்படியே கண்முன் வந்தது.

காலிப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் திணித்து, மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். மருந்து பூசிய விதையைத் தின்றுவிட்டாள் என்றேன். "உப்புத் தண்ணி குடுங்க தம்பி, வாந்தி எடுத்துரும்" என்றார். கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கொடுக்காமலே தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன்.

சிக்னலில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. மகள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் கன்னத்தைத் தட்டி ஏதாவது கேட்டேன்.

"பிள்ளைக்கு என்னண்ணே?" என்றார் ஆட்டோக்காரர்.

"விதை மருந்த தின்டுருச்சு."

அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

மருத்துவமனையில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பாக்கெட்டை வாங்கி மருந்தின் பெயரைப் படித்தார்.

"வாந்தி எடுக்க ஏதும் குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லது, குடுக்கவே கூடாது. எத்தனை விதை உள்ள போயிருக்கும்?"

தெரியவில்லை. பாக்கெட்டில் ஐம்பது என்று போட்டிருந்தது. எத்தனை குழியில் போட்டேன், ஒன்றா இரண்டா, எதுவும் நினைவில் இல்லை. வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்து, தட்டிலும் தரையிலும் இருக்கும் விதைகளை எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"வைக்காதீங்க, லைன்லயே இருங்க" என்றார்.

அவர் மூச்சிரைக்கப் படியேறுவது கேட்டது. பிறகு ஒவ்வொரு குழியாகக் கிளறி எண்ண ஆரம்பித்தார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. எண்ணிக்கையும் அதிலேயே வந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பத்தில் இருக்கிறாரா முப்பதில் இருக்கிறாரா என்று தெரியாமல் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தேன். இடையில் ஒருமுறை குரல் நின்றது. முடிந்துவிட்டது, இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்ததாகச் சொல்லிவிட்டு அவர் மறுபடி தொடர்ந்தார்.

"தம்பி, தட்டுல முப்பத்தொம்பது. கீழ ஆறு. பாத்திக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்டேன்."

வாயிலிருந்து எடுத்தது இரண்டு. ஆக, மூன்று விதைகளைக் காணவில்லை.

"மூணுன்னா பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

பண்ணாது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. மதியம் மகள் தூங்கியபோது அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை எழுப்பினேன். மூன்றாவது முறை கையை நீட்டியபோது, அலுவலகத்திலிருந்து ஓடி வந்திருந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கட்டும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மகள் வழக்கம்போல இட்லியைத் துப்பி அடம்பிடித்தாள். நான்தான் ஒரு வாரம் மொட்டை மாடிக்குப் போகவில்லை. படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிடுவேன். பாத்திகளுக்கு மனைவிதான் தண்ணீர் ஊற்றினாள். பாதி வாடிய கீரையை ஒருநாள் பறித்து வந்து, என் முன்னால் முறத்தில் வைத்து, "ஆய்ஞ்சு குடுங்க" என்றாள். நான் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து ஆய்ந்தேன். அன்று சமையல் முடிய வெகுநேரமானது.