முந்திப் பூத்த மரம்

பனி கொட்டவேண்டிய தை மாதம் குளிரே இல்லாமல் போக, மார்க்கம் நகரில் எங்கள் வீட்டின் பின்வளவில் நின்ற செரி மரம் பூத்துவிட்டது.

“நாளைக்கு ஃப்ரீஸ் பண்ணுமாம் அப்பா. மரத்துக்குக் கீழே புகை போட்டால் பூ தப்புமாம்,” என்றாள் மகள், போனைப் பார்த்தபடி.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் மாமரமும் இப்படித்தான் ஐப்பசியிலேயே பூத்தது. பூவில் பூச்சி பிடிக்காமலிருக்க, ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குவித்து மரத்தடியில் புகை போடுவது வழக்கம். சண்டை தொடங்கிய பிறகு அயலில் எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். புகையைக் கண்டால் ஆமி ஹெலிகொப்டர் வந்து சுடும்.

“இஞ்சேருங்கோ, பூ போனால் போகட்டும்,” என்றார் அம்மா, மட்டைகளைக் குவித்த அப்பாவிடம்.

“மழை மூட்டமாய்க் கிடக்கு. இண்டைக்கு ஹெலி வராது,” என்று அப்பா நெருப்பை மூட்டினார்.

ஹெலி வந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார். அப்பா புகையை அணைக்கக் கிணற்றுக்கு ஓடினார். முதல் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டாவது வாளிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அன்று பின்னேரம் பெய்த மழையில் பூவெல்லாம் கொட்டிவிட்டது.

மகள் காய்ந்த சருகுகளைக் கூட்டி மரத்தடியில் குவித்திருந்தாள். லைற்றர் கேட்டுக் கையை நீட்டினாள்.

“பூ போனால் போகட்டும் பிள்ளை,” என்றேன். “உள்ளுக்கு வா.”